ஊத்தின கேஸ்

மீன் சந்தைக்குப் பின்னால், கறிக்கடை வரிசை முடிகிற இடத்தில் அந்தக் குளிர் அறை இருந்தது. பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சின்ன லாரியை உள்ளே விட்டால் கதவு சாத்தாது. சுவர் முழுக்கத் தகரம், தகரத்துக்கு உள்ளே தெர்மாகோல். கதவை இழுக்கக் கை மட்டும் போதாது, தோளையும் கொடுக்க வேண்டும். சந்தையில் விற்றது போக மிஞ்சின மீனும் கறியும் ராத்திரி அங்கேதான் தூங்கும். காலையில் பெட்டிக்காரர்கள் வந்து அவரவர் பெட்டியை அடையாளம் பார்த்து எடுத்துப் போவார்கள். ஒருத்தி சிவப்பு நாடா கட்டியிருப்பாள். ஒருத்தர் மூடியில் ஆணியால் கீறி வைத்திருப்பார். பெட்டி மாறிப்போனால் அன்றைக்குப் பூராவும் சண்டை.

அதை நடத்தினவரை ஐஸ்காரர் என்பார்கள். ஐஸ் விற்பதை அவர் விட்டு வெகுகாலம் ஆகிறது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பெட்டியை உள்ளே அடுக்குவது, எடுத்துக் கொடுப்பது, தரை கழுவுவது எல்லாம் அவர் மனைவி. குளிருக்குள் போய்ப் போய் அவள் விரல் கணுவெல்லாம் வீங்கிக் கிடக்கும். வெளியே தார் உருகுகிற வெயிலில் அவள் மட்டும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பாள். புதிதாகச் சந்தைக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

மெஷின் அறைக்குப் பின்பக்கம் ஒரு கொட்டகையில் இருந்தது. கிழட்டு மெஷின். மீனின் உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு உள்ளே இருக்கிற சுருள் குழாயில் எங்கேயோ பொத்தல். கண்ணுக்குத் தெரியாத பொத்தல். கேஸ் அது வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும். கேஸ் குறைந்தால் குளிர் குறையும். குளிர் குறைந்தால் மீன்காரக்கா வந்து கத்துவாள். அவள் கத்தினால் ஐஸ்காரர் மச்சானுக்குப் போன் போடுவார்.

மச்சான் என்றால் ஐஸ்காரம்மாவின் தம்பி. மெக்கானிக். வந்து குழாயில் கை வைத்துப் பார்த்துவிட்டு எப்போதும் ஒரே பேச்சுத்தான்.

"மாமா, சுருளை மாத்திடலாம். பொத்தப் பானையில தண்ணி ஊத்தற மாதிரி ஊத்திக்கிட்டே இருக்கோம்."

"மாத்தணும்னா அறையைக் காலி பண்ணணும். பொட்டியெல்லாம் எங்க வைப்பேன், உன் தலையிலயா? இந்த வெயில் போகட்டும் மச்சான். இப்போதைக்கு ஊத்தி விடு."

வெயில் போகும், மழை வரும், மறுபடி வெயில் வரும். ஊத்தி விடுவது மட்டும் மாறவில்லை. அந்தச் சந்தையில் எல்லாரும் அப்படித்தான். ஓட்டை எங்கே என்று தேடினவர் ஒருத்தரும் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் அரசாங்கத்துத் திட்டம் வந்தது. திட்டத்து மேடம் என்று ஒரு பெண், கையில் தொப்பியை வைத்து விசிறிக்கொண்டே கடை கடையாக வந்தாள். மீன் தண்ணீரில் கால் வைக்க முகம் சுளிக்கவில்லை. அதிலேயே பாதிச் சந்தை அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. பழைய மெஷினில் இருக்கிற கேஸ் வெளியே போனால் மேலே போய் வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். உலகத்துச் சூட்டில் அதற்கும் பங்கு உண்டாம். அந்தத் தீமை இல்லாத புது கேஸில் ஓடுகிற மெஷினை மாட்டிக்கொண்டால் விலையில் பெரும் பங்கை அரசாங்கம் கொடுக்கும். பழைய மெஷினை ஒப்படைக்க வேண்டும். அதில் இருக்கிற கேஸை உறிஞ்சி சிலிண்டரில் பிடித்துக்கொண்டு, மெஷினைக் கண்ணெதிரே உடைத்துவிடுவார்கள்.

"புது கேஸுன்னா என்ன கேஸு?" என்று கேட்டாள் மீன்காரக்கா.

"சமையல் கேஸ் இருக்குல்ல, அந்த வகைதாம்மா. ரொம்பக் கொஞ்சமாத்தான் உள்ள இருக்கும்."

"அடி ஆத்தி. அடுப்பையும் ஐஸையும் ஒண்ணாக்கிட்டாங்க. இனி மீனை உள்ள வச்சா வறுத்தே எடுத்துக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்துவிட்டு, பயப்பட ஒன்றும் இல்லை, பழகின ஆள்தான் கை வைக்கணும், அதுக்குத்தான் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி வச்சிருக்கோம் என்றாள்.

அந்தப் பயிற்சிக்கு மச்சான் போனான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன், பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சை எழுதினான். படம் ஒட்டின அட்டை ஒன்று கொடுத்தார்கள். அந்த அட்டை இருக்கிறவன்தான் புது மெஷினைத் தொடலாம். கொடுக்கும்போது உறுதியும் வாங்கிக்கொண்டார்கள்: கேஸைக் காற்றில் விடமாட்டேன், ஓட்டை மெஷினை அடைக்காமல் கேஸ் ஊத்தமாட்டேன் என்று. அவன் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தபோது அவள் அதை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"போட்டோவுல ஏண்டா இப்படி முழிச்சிருக்க?"

"வெளிச்சம் அடிச்சுச்சுக்கா."

"திருடன் மாதிரி இருக்க."

"போக்கா."

ஐஸ்காரர் திட்டத்துக்குப் போட்ட மனு ஏற்கப்பட்டது. சந்தையிலேயே முதல் ஆள் அவர்தான். இதில் அவருக்கு ஒரு பெருமை. பெருமையைவிடப் பயம் அதிகம். கிழட்டு மெஷின் அந்த வெயிலைத் தாண்டாது என்று அவருக்குத் தெரியும். அது நின்றுபோனால் பெட்டிக்காரர்கள் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய குளிர் கிடங்குக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்ப மாட்டார்கள். வேறு தொழில் அவருக்குத் தெரியாது. புது மெஷின் வந்தால் வாழ்வு, வராவிட்டால் கதவைச் சாத்திவிட்டு எங்கேயாவது பெட்டி தூக்கவேண்டியதுதான்.

மேடம் வருகிற நாள் நெருங்கினபோது மச்சான் மெஷினுக்கு மீட்டர் மாட்டிப் பார்த்தான். முள் கீழேயே கிடந்தது.

"என்ன மச்சான்?"

"காலி மாமா. மிச்சம் மீதி ஏதோ இருக்கு. அதுலதான் முனகிக்கிட்டு ஓடுது."

ஐஸ்காரர் குனிந்து முள்ளைப் பார்த்தார். கேஸை எடுக்கத்தான் வருகிறார்கள். எடுக்க கேஸ் இல்லை என்றால்? அவருக்குத் தெரிந்த உலகத்தில் காலிப் பெட்டிக்கு யாரும் விலை கொடுத்ததில்லை. எடை குறைந்த தராசுத் தட்டை யாரும் வாங்கினதில்லை. விற்றுவிட்டான் என்பார்கள், ஏமாற்றுகிறான் என்பார்கள், பட்டியலிலிருந்து பேரை அடித்துவிடுவார்கள்.

மத்தியானம் மூன்று பேரும் கொட்டகைக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். சந்தை அடங்கிக் கிடந்தது. காகம்கூட நிழலுக்குப் போய்விட்ட நேரம். சோறும் பொரித்த மீனும். ஐஸ்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"மச்சான், ஊத்திடு."

"எதுக்கு மாமா? நாலு நாள்ல எடுக்கப்போற கேஸை இன்னிக்கு ஊத்தறதா?"

"எடுக்கறதுக்கு இருக்கணும்ல. அதுக்குத்தான்."

மச்சான் சிரித்தான். மாமா சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"மாமா, மேடத்துக்கிட்ட உள்ளதைச் சொல்லிடலாம். ஓட்டை மெஷின், கேஸ் போயிடுச்சுன்னு."

"சொன்னா? இத்தனை காலம் ஓட்டை மெஷினை ஓட்டி ஊரைச் சூடாக்கினவன் நீதானான்னு கேப்பாங்க. உனக்கு அதிகாரிங்களைப் பத்தித் தெரியாது. குறைன்னு ஒண்ணைக் கையில குடுத்தா அதையே பிடிச்சுத் தொங்குவாங்க."

"அட்டை வாங்கும்போது எங்கிட்ட உறுதி வாங்கியிருக்காங்க மாமா. ஓட்டையை அடைக்காம ஊத்தக் கூடாது."

"இத்தனை வருஷம் ஊத்தினியே."

"அப்ப அட்டை இல்ல."

"ஓ. அட்டை வந்ததும் மாமா வேண்டாதவனாயிட்டேன்."

"ஐயோ, அப்படியா சொன்னேன்?"

ஐஸ்காரம்மா முள்ளை எடுத்து எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். கை அதிலேயே இருக்க, தம்பியைப் பார்க்காமல் சொன்னாள்:

"செஞ்சு குடுத்துடுடா. இந்த ஒரு தடவை."

மச்சான் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தான், கை கழுவினான்.

சிலிண்டரை நனைந்த சாக்கில் சுற்றி, மேலே ஐஸ் துண்டு போட்டு, மீன் பெட்டிகளோடு தள்ளுவண்டியில் கொண்டு வந்தார்கள். யாருக்கும் தெரியாது என்று ஐஸ்காரர் நினைத்தார். வண்டியை இறக்கிவிட்ட சுமைக்காரர் சிலிண்டரின் கழுத்தில் கை வைத்ததும் "இது என்ன மீனுப்பா, இவ்ளோ கனமா, செதிலே இல்லையே?" என்றார். ஐஸ்காரர் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். சுமைக்காரர் டீயைக் குடித்துவிட்டு அதற்குமேல் கேட்கவில்லை.

மெஷின் நிறைந்தது. குளிர் நன்றாக வந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு அப்படிக் குளிர் வந்ததைப் பார்த்து மீன்காரக்காவே "என்னாச்சு, கிழவிக்குப் பவிசு வந்துடுச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மேடம் வரவேண்டிய நாளில் வரவில்லை. புது மெஷின் ஏற்றின லாரி வழியில் நின்றுபோனதாம், அடுத்த வாரம் என்று தகவல் வந்தது. பொத்தல் சும்மா இருக்குமா? ஊத்தினதெல்லாம் இறங்கிக்கொண்டே வந்தது. மச்சான் மறுபடி மீட்டர் மாட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். மறுபடி ஊத்தினார்கள். அடுத்த வாரமும் தள்ளிப்போனது. மறுபடி ஊத்தினார்கள். அந்தக் கேஸெல்லாம் கொட்டகைக் கூரையைத் தாண்டி எங்கே போயிற்றோ அங்கே போயிற்று. நிறமில்லை, மணமில்லை, போனது தெரியவும் இல்லை. குழாயைக் கழற்றும்போது மட்டும் புஸ்ஸென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மாமா, கணக்குப் போட்டுப் பாருங்க. இந்த மெஷின் ஒரு வெயில் காலம் பூரா விட்ட கேஸை நாம இந்த ரெண்டு மூணு வாரத்துல விட்டுட்டோம். எதுக்கு? காத்துல விடாம இருக்கற திட்டத்துக்கு."

"வாயை மூடுறா. காது இருக்கு சுவத்துக்கு."

கடைசித் தடவை ஐஸ்காரர் பக்கத்திலேயே நின்றார். "இன்னும் கொஞ்சம் ஊத்து. அவங்க வர வரைக்கும் நிக்கணும். குறையக் கூடாது."

"போதும் மாமா. இதுக்கு மேல தாங்காது."

"தாங்கும். ஊத்து."

மீன் விற்கிறவர்கள் தராசு சரியாக நின்ற பிறகும் மேலே ஒரு மீனைத் தூக்கிப் போடுவார்களே, அந்தக் கைப்பழக்கம். மச்சான் ஊத்தினான். மெஷின் முக்கி முனகத் தொடங்கியது. குழாயெல்லாம் வியர்த்துக் கொட்டியது.

மேடம் வந்தது ஒரு காலை நேரம். பெட்டி எடுக்கிற நேரம், சந்தையே அங்கேதான் நின்றது. புது மெஷின் லாரியில் வந்திருந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது. அதைப் பார்க்கவே கூட்டம். மீன்காரக்கா, கறிக்கடைக்காரர், சுமைக்காரர், பெயர் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும். மச்சான் சலவைச் சட்டை போட்டு அட்டையை வெளியே தெரிய மாட்டியிருந்தான்.

மேடம் பையிலிருந்து வளைந்த மூக்குள்ள ஒரு கருவியை எடுத்துக்கொண்டு குளிர் அறைக்குள் போனாள். போனதும் அது கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. சுருள் பக்கம் கொண்டுபோனாள். நிற்காமல் கத்தியது. கதவருகே நின்ற பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

மேடம் கருவியை அணைத்தாள். பின்பக்கம் வந்தாள். மச்சான் உறிஞ்சுகிற கருவியை மாட்டினான். கேஸ் சிலிண்டருக்குள் போனது. தராசில் வைத்தார்கள். மேடம் தராசைப் பார்த்தாள், மெஷினில் அடித்திருந்த தகட்டைப் பார்த்தாள். மறுபடி தராசைப் பார்த்தாள்.

"இந்த மெஷினுக்குள்ள பிடிக்கிறதே இதைவிடக் கம்மியாச்சே. இவ்வளவு ஓட்டை இருக்கற மெஷின்ல இவ்வளவு கேஸ் எப்படி இருக்கு?"

மேடம் தராசிலிருந்து நிமிர்ந்தாள்.

"சமீபத்துல ஊத்தியிருக்கீங்க. யார் ஊத்தினது?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. களைப்பாகக் கேட்டாள். அதுதான் ஐஸ்காரருக்குப் பயமாக இருந்தது. லாரிமேல் இருந்த வெள்ளை மெஷினைப் பார்த்தார். இறக்குவதற்குக் கயிற்றைப் பாதி அவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"எனக்கு இதெல்லாம் என்ன மேடம் தெரியும்? கதவு தொறப்பேன், சாத்துவேன். மெஷின் சமாச்சாரம் பூரா மச்சான்தான்."

"நீங்க ஊத்தச் சொன்னீங்களா?"

"நானா? நான் ஏன் சொல்றேன்? அவனா ஏதோ நல்லதுன்னு நினைச்சு ஊத்தியிருப்பான்."

மச்சான் மாமாவைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான். அக்கா கம்பளிச் சட்டையின் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள். தரையில் மீன் செதில்கள் ஒட்டியிருந்தன.

"ஆமா மேடம்," என்றான். "நான்தான் ஊத்தினேன்."

"யாராவது சொல்லிச் செஞ்சியா?"

"இல்ல மேடம்."

மேடம் கையில் இருந்த கருவியைப் பையில் போட்டாள். பிறகு சொன்னாள்: "ஏம்பா, காலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. நாங்க பாத்த மெஷின்ல பாதி காலிதான். ஓட்டையா இருக்குன்னுதான மாத்தவே வர்றோம். காலி மெஷினுக்கும் புது மெஷின் உண்டு."

கூட்டத்தில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள்.

"ஆனா இதை என்னால விட முடியாது. இதைச் செய்யமாட்டேன்னுதான் நீ உறுதி குடுத்த. அட்டையைக் குடு."

அவன் கழுத்திலிருந்து கழற்றினான். கயிறு காதில் மாட்டிக்கொண்டது. அவசரத்தில் இழுத்தான், காது சிவந்தது. கொடுத்துவிட்டு, தன்னுடைய ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் போட்டான். அது முடிகிறவரை சந்தை மொத்தமும் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றது. உதவிக்கு ஒரு கை வரவில்லை. அவன் போன பிறகு கறிக்கடைக்காரர்தான் முதலில் பேசினார்.

"அப்ப, மெஷினை இறக்கலாமா?"

இறக்கினார்கள்.

புது மெஷின் ஓடுகிறதா என்று காது வைத்துத்தான் கேட்க வேண்டும். அவ்வளவு அமைதி. வேறு ஊரிலிருந்து அட்டை உள்ள ஒருத்தர் வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். மீன் கல் மாதிரி நின்றது. பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்த சிலர்கூடத் திரும்பி வந்தார்கள். ஐஸ்காரர் நினைத்ததெல்லாம் நடந்தது. ஆனால் அந்த அமைதியில் புருஷன் பெண்டாட்டி பேச்சு எல்லாம் கேட்கத் தொடங்கியது. பழைய மெஷின் இருந்தபோது கத்தித்தான் பேசுவார்கள், பாதி காதில் விழாது. இப்போது பேசாமல் இருந்தால் பேசாமல் இருப்பதும் கேட்டது.

"அவன் வீட்டுப் பக்கம் போனியா?" என்று ஒருநாள் கேட்டார்.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது?"

"நீ என்ன பண்ணின? பேசினது நான்."

"பேசினது நீங்க. தரையைப் பாத்தது நான். சோத்துத் தட்டுல கை வச்சுக்கிட்டு ஊத்துடான்னு சொன்னதும் நான்தான். நான் சொல்லலைன்னா அவன் ஊத்தியிருக்க மாட்டான். நீங்க சொன்னா அவன் எதிர்த்துப் பேசுவான். நான் சொன்னா பேச மாட்டான்னு தெரிஞ்சுதான சொன்னேன்."

"அன்னிக்கு நான் ஒத்துக்கிட்டிருந்தா மெஷின் லாரியோட திரும்பிப் போயிருக்கும்."

"போயிருக்கும்."

"அப்புறம் என்ன பண்ணியிருப்போம்?"

"தெரியல. என்னத்தையாவது பண்ணியிருப்போம். இப்ப அவன் என்ன பண்றான்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. திட்டம் பிடித்துக்கொண்டது. கறிக்கடையில் புது மெஷின், பால் கடையில் புது மெஷின், ரொட்டிக் கடையில்கூட. எல்லாம் அட்டை இருக்கிறவன் தொடவேண்டிய மெஷின்கள். மச்சான் ஊரெல்லாம் ஃபேன் மாட்டிப் பார்த்தான், இஸ்திரிப் பெட்டி பழுது பார்த்தான். அதில் வயிறு நிறையவில்லை. ஒருநாள் சந்தையில், தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு, சுமைக்காரர்களோடு வரிசையில் வந்து நின்றான்.

அவனைப் பெட்டி தூக்கக் கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. பிறகு மீன்காரக்காதான் "இந்தாப்பா, இதைக் கொண்டுபோய் உள்ள வை" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

உள்ளே என்றால் அந்தக் குளிர் அறைதான்.

அவன் பெட்டியோடு வந்தபோது ஐஸ்காரர் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். வழி விட்டார். அவன் பெட்டியைச் சரியான இடத்தில் அடுக்கினான். தலையில் இருந்து ஐஸ் தண்ணீர் கழுத்துவழியாக ஒழுகியது. திரும்பும்போது கை தன்னால் குழாய்ப் பக்கம் போனது. தொட்டுவிட்டு, தொடக்கூடாது என்று ஞாபகம் வந்தவன் மாதிரி இழுத்துக்கொண்டான்.

"மாமா, தண்ணி போற குழாய் அடைச்சிருக்கு. தட்டுல தேங்கி நிக்குது. வர்றவர்கிட்ட சொல்லுங்க. இல்லன்னா சுருள்ல ஐஸ் கட்டிடும்."

"சரி மச்சான்."

"மத்தபடி நல்லா ஓடுதுல்ல?"

அவன் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான். நல்ல மெஷினைக் கண்டால் அவனுக்கு வருகிற சந்தோஷம் முகத்தில் கொஞ்சம் இருந்தது. ஐஸ்காரரால் அதைப் பார்க்க முடியவில்லை. கதவை விட்டுவிட்டு வெளியே வந்தார். பெட்டிக்காரர்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். அன்றைக்கு நின்ற அதே ஆட்கள்.

"எல்லாரும் கேளுங்க," என்றார். குரல் உடைந்து வந்தது. "அன்னிக்கு மேடம் முன்னாடி நான் சொன்னது பொய். கேஸை ஊத்தச் சொன்னது நான்தான். மச்சான் வேண்டாம்னான். நான்தான் விடலை."

எப்படியும் ஒரு கூச்சல் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. மீன்காரக்கா கையில் இருந்த செதிலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும்."

"என்னது?"

"தெரியும்னேன். எல்லாருக்கும் தெரியும். சிலிண்டரை இவர்தான் இறக்கினாரு." சுமைக்காரரைக் காட்டினாள். அவர் தலை குனிந்தார். "கேஸு ஊத்தினது தெரியும், நீ ஊத்தச் சொன்னதும் தெரியும். இந்தப் பையன் உன் பேச்சைத் தட்டாதவன்னு இந்தச் சந்தைக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் யாரும் சொல்லல?"

மீன்காரக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க பொட்டி உள்ள இருந்துச்சுல்ல. மெஷின் போனா மீனை எங்க வைக்கறது? ஒரு ஆளோட போகட்டும்னு நின்னோம். நீ பேசின, நாங்க பேசலை. பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல. எங்ககிட்ட வந்து இப்ப என்னத்துக்குச் சொல்ற? சொல்லவேண்டிய இடம் ஆபீஸு."

"போறேன். ஆபீஸுக்கே போறேன்."

"போனா மெஷினைத் தூக்கிடுவாங்களா?" கறிக்கடைக்காரர் கேட்டார். கேட்டுவிட்டு, கேட்டதற்காகவே மீசையைத் தடவிக்கொண்டார்.

"தூக்கினாலும் தூக்கலாம்."

 பெட்டியில் ஐஸ் உருகிச் சொட்டுகிற சத்தம் கேட்டது. மச்சான் அறையிலிருந்து வெளியே வந்து, தோளைக் கொடுத்துக் கதவைச் சாத்தினான்.

"விடுங்க மாமா. போகாதீங்க. எனக்கு எதுவோ ஒரு வேலை கிடைக்கும். மெஷின் போச்சுன்னா அக்கா என்ன பண்ணும்?"

ஐஸ்காரர் மூச்சு விட்டார்.

பெரிய மூச்சு. அப்பாடா என்கிற மூச்சு. அந்த வார்த்தைக்காகத்தான் அத்தனை நேரம் நின்ற மாதிரி தோள் ரெண்டும் கீழே இறங்கின. விட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. திரும்பப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. அங்கே இருந்த எல்லாருக்கும் அது கேட்டது. மச்சானுக்கும் கேட்டது. அவன் சும்மாட்டை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினான்.

தரை கழுவிக்கொண்டிருந்த ஐஸ்காரம்மா தண்ணீர்க் குழாயை மூடினாள். கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கதவுக் கொக்கியில் மாட்டினாள். கழுவக் கழுவ வெளுத்துப்போன கைகள் வெயிலில் தனியாகத் தெரிந்தன.

"அக்கா, பொட்டியைப் பாத்துக்க," என்றாள் மீன்காரக்காவிடம்.

"எங்க கிளம்பிட்ட?"

"ஆபீஸுக்கு. மேடம் எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க?"

"மத்தியானம் வரைக்கும் இருப்பாங்க."

"அக்கா, வேண்டாம்," என்றான் தம்பி.

"நீ சும்மா இரு. அன்னிக்கு நீ என்னைப் பாத்தப்ப நான் சும்மா இருந்தேன்ல, அது மாதிரி இரு."

அவள் நடந்தாள். ஈரத்தில் வழுக்காமல் காலை ஊன்றி ஊன்றிப் போனாள். கூட்டம் விலகி வழி விட்டது.

"இரு, நானும் வரேன்!" ஐஸ்காரர் கத்தினார். "செருப்பு... என் செருப்பு எங்க?" குனிந்து கதவோரம் தேடினார், பெட்டிகளுக்கு இடையில் தேடினார்.

"கால்ல இருக்கு பாரு," என்றாள் மீன்காரக்கா.

அவர் குனிந்தபடியே கால்களைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவள் கறிக்கடை முனையைத் தாண்டிவிட்டிருந்தாள்.